யாரிடமும் இல்லாத மேக்னம் தோட்டாதான் வேண்டுமென்றால்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பையன்கள் சிலர் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறி, லைசென்ஸ் எடுத்து, சட்டப்படி வேட்டைக்கும் போகிறார்கள். என் அக்கா மகன் ஆல்பர்ட்டாவில் இருக்கிறான். மூஸ் என்கிற பெருங்கடமானுக்கு ரைஃபிள் வாங்கப்போகிறான். "ஏனுங்க மாமா, கேம்ப்ல எல்லாரும் 300 வின்செஸ்டர் மேக்னம்தான் வெச்சிருக்கறாங்க. நான் வேற ஏதாச்சும் எடுக்கலாம்னு பாக்கறேன்" என்றான். மேக்னம் என்றால் வழக்கத்தைவிட அதிக மருந்து நிரப்பி அதிக வேகம் தரும் தோட்டா. பெயரில் வரும் 300, 338 போன்ற எண் ஏறக்குறைய குழலின் குறுக்களவு, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக, இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு பாலக்காட்டில் ஒரு துப்பாக்கிக் கடையில் ரிப்பேர் பார்த்தேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டை என்ற பேச்சே கிடையாது. 2022-இல் கேரளத்தில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவு போடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். அதற்கும் மேக்னம் ஆகாது. தென்னந்தோப்புக்கு நடுவே நாலு வீடு இருக்கிற ஊரில், கிலோமீட்டர் கணக்கில் பறக்கும் குண்டை எவன் சுடுவான்? அந்த வேலைக்குப் பன்னிரண்டு போர் ஷாட்கன் போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். 300 வின்செஸ்டரால் முடியாத எந்த வேலைக்காக வேறு தோட்டா தேடுகிறீர்கள்? 1963-இல் வந்தது அது. 180 கிரெயின், அதாவது சுமார் 11.7 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 2,960 அடி வேகத்தில் அனுப்பும். குழல் வாயில் சக்தி சுமார் 3,500 அடி-பவுண்டு. இருநூறு மீட்டருக்குள் நிற்கிற மூஸுக்கு இது தாராளம். ஆகவே வேறு தோட்டாவுக்கு நியாயமான காரணங்கள் குறைவு: இன்னும் அகலமான, கனமான குண்டு வேண்டும், அல்லது நல்ல பழைய ரைஃபிள் ஒன்று மலிவாகக் கைக்கு வருகிறது, அல்லது வெறும் ஆசை. ஆசையும் காரணம்தான். ஆனால் அதை ஆசை என்றே ஒத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

கணக்கில் முதல் வரி சக்தி அல்ல, சப்ளை. எங்கள் கடைக்கு மலை எஸ்டேட் ஒன்றிலிருந்து 300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ரைஃபிள் ஒன்று சர்வீஸுக்கு வரும். வால்நட் கட்டை, கண்ணாடி மாதிரிக் குழல், போல்ட்டைத் தள்ளினால் சத்தமே கேட்காது. 1925-இல் பிறந்த அருமையான தோட்டா அது. என்ன பிரயோசனம்? உரிமையாளரிடம் ஒரு தோட்டாகூட இல்லை, எங்கும் கிடைக்கவும் இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்துத் திருப்பிக் கொடுப்போம், அவ்வளவுதான். கனடாவில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் அபூர்வ தோட்டாக்களைக் கம்பெனிகள் எப்போதாவது ஒரு முறைதான் போடும், அது தீர்ந்தால் காத்திருக்க வேண்டியதுதான். சொந்தமாகத் தோட்டா நிரப்பத் தெரியாதவர்கள், தெரிந்துகொள்ள ஆர்வமும் இல்லாதவர்கள், இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு 300 வின்செஸ்டரோ 338 வின்செஸ்டரோ வாங்கிவிடலாம்.

நிரப்பத் தெரிந்தவர் முதலில் பார்க்க வேண்டியது கூட்டின், அதாவது மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளை உறையின், அடி. 7 மி.மீ. ரெமிங்டன், 300 வின்செஸ்டர், 338 வின்செஸ்டர், 358 நார்மா, 8 மி.மீ. ரெமிங்டன், 375 ஹாலண்ட் எல்லாமே ஒரே குடும்பம். அடிவிளிம்பு சுமார் 13.5 மி.மீ., அதற்கு மேலே பெல்ட் என்கிற தடித்த வளையம் ஒன்று. உங்கள் அபூர்வ தோட்டா இந்தக் குடும்பம் என்றால், சுலபமாகக் கிடைக்கும் இன்னொரு கூட்டின் கழுத்தை விரித்தோ சுருக்கியோ பெரும்பாலும் சமாளிக்கலாம். 338 வின்செஸ்டர் கூட்டிலிருந்து 358 நார்மா வரும், கழுத்து மட்டும் சற்றே குறையும். 375 ஹாலண்ட் கூட்டிலிருந்து 8 மி.மீ. ரெமிங்டன் வரும்.

அந்த பெல்ட் கூட்டுக்குப் பலம் தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது அதன் வேலையே இல்லை. 1912-இல் வந்த 375 ஹாலண்டுக்குத் தோள், அதாவது கூடு கழுத்தாகக் குறுகும் இடம், மிகவும் சரிவு. உள்ளே கார்டைட் என்கிற வெடிமருந்தின் நீள நீளமான குச்சிகள் போக வேண்டும், வெயில் நாட்டில் சுட்ட கூடு சிக்காமல் வெளியே வர வேண்டும். சரிவான தோள் தோட்டாவை, குழலின் பின்முனையில் இருக்கும் அறைக்குள் சரியான இடத்தில் நிறுத்தாது. அதற்காக வைத்ததுதான் பெல்ட். 1958-இல் வந்த 338 வின்செஸ்டருக்குத் தோள் எடுப்பாகவே இருக்கிறது, இருந்தும் பெல்ட் தொடர்கிறது. கல்யாணம் முடிந்த வீட்டில் பந்தல் பிரிக்காமல் நிற்கிற மாதிரி.

இதனால் ஒரு தொல்லை உண்டு. பெல்ட் நிறுத்திக்கொள்ளும் என்பதால் அறையில் தோள் பக்கம் கொஞ்சம் தாராளமாகவே வெட்டியிருப்பார்கள். சுட்டதும் கூடு முன்னால் நீளும். கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையில் போட்டுத் தோளை முழுசாகப் பின்னால் தள்ளுவோம். அடுத்த முறை மறுபடி நீளும். பெல்ட்டுக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்துகொண்டே வந்து, ஒரு நாள் கூடு இரண்டாக அறுந்து, முன்பாதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். 303 லீ என்ஃபீல்டில் இதே கூத்தை நிறையப் பார்த்திருக்கிறேன், அங்கே பெல்ட்டுக்குப் பதில் விளிம்பு. பரிசோதனை எளிது. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் சின்னக் கொக்கியாக மடக்கி, காலிக் கூட்டுக்குள் விட்டு உள்சுவரை ஒட்டியபடி கீழிருந்து மேலே இழுங்கள். பெல்ட்டுக்கு மேலே கொக்கி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூட்டைக் குறட்டால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள். வெளியே அதே இடத்தில் பளபளப்பாக ஒரு வளையம் தெரிந்தாலும் அப்படியே. டையை ஒரேயடியாக இறக்காமல், அறைக்குள் சிரமமில்லாமல் மூடுகிற அளவுக்கு மட்டும் தோளைத் தள்ளினால் கூடு நீண்ட நாள் வரும்.

அடுத்தது குண்டு. இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 358 குறுக்களவில் கடையில் குண்டு கிடைக்கிறதே என்று சந்தோஷப்படுவார்கள். அதில் பாதி, 2,000 அடி வேகத்துப் பழைய 35 ரெமிங்டனுக்காகச் செய்த, ஈயத்தின் மேல் மெல்லிய செப்புத் தோல் போர்த்திய குண்டு. அதையே 358 நார்மாவில் போட்டு 2,800 அடிக்கு மேல் விரட்டினால், மூஸின் தோள்பட்டையில் பட்டதும் சிதறிவிடும், உள்ளே போகாது. மிருகம் காயத்தோடு ஓடும். 8 மி.மீ.யிலும் இதே கதை: மவுசர் வேகத்துக்குச் செய்த குண்டை மேக்னத்தில் போடக்கூடாது. முழுச் செம்புக் குண்டோ, மையமும் தோலும் சேர்த்து ஒட்டிய குண்டோ உங்கள் அளவில் இரண்டு கம்பெனியிலாவது கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

என் தரவரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1959-இல் வந்த 358 நார்மாவுக்கு முதலிடம்: 250 கிரெயின், சுமார் 2,800 அடி வேகம், 4,300 அடி-பவுண்டுக்கு மேல். மூஸுக்கும் கரடிக்கும் இது நிஜமாகவே வேறு சரக்கு. 1978-இன் 8 மி.மீ. ரெமிங்டன் நல்ல தோட்டா, ஆனால் கூடு 2.85 அங்குல நீளம், அதனால் போல்ட் அதிக தூரம் ஓடும் நீள ஆக்‌ஷன் வேண்டும். 2005-இன் 325 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னத்துக்கு பெல்ட் இல்லை, ரைஃபிள் குட்டையாக அமையும், 300 ஷார்ட் மேக்னம் கூட்டிலிருந்து செய்யலாம். காட்டில் நடக்கிறவனுக்கு அது பிடிக்கும். 1965-இன் 350 ரெமிங்டன் சேகரிப்பாளர்களுக்கு.

ஆப்பிரிக்கா போகும் எண்ணம் இருந்தால் இந்தப் பட்டியலையே மறந்துவிட்டு 375 ஹாலண்ட் எடுங்கள். நமீபியாவில் எருமை, யானை போன்றவற்றுக்கு 375-க்குக் குறையாத குழலும் 5,400 ஜூலும் வேண்டும். சக்தியில் 358 நார்மா அதைத் தாண்டும். குழல் அளவில் தோற்கும். அதோடு விமானத்தில் ஒருவருக்கு 5 கிலோ தோட்டாதான் அனுமதி. பெட்டி வழியில் தொலைந்தால் 375 அங்கே கடையில் கிடைக்கும், நார்மாவுக்கு எங்கே போவீர்கள்?

கழுத்தை விரித்துச் செய்த கூட்டின் அடியில் பழைய பெயரே இருக்கும். '338 வின்செஸ்டர்' என்று முத்திரை போட்ட கூட்டில் 358 குண்டு. கஸ்டம்ஸில் கேள்வி வரும், அது போகட்டும். உங்கள் வீட்டிலேயே இரண்டு ரைஃபிளும் இருந்து தோட்டா மாறினால் ஆபத்து. பெட்டியில் பெரிதாக எழுதுங்கள், கூட்டின் அடியில் பெயிண்ட் புள்ளி வையுங்கள். முடிந்தால் சரியான முத்திரையுள்ள கூட்டையே காத்திருந்து வாங்குங்கள்.

உதை பற்றி யாரும் நேர்மையாகப் பேசுவதில்லை. 338 வின்செஸ்டரே 30-06-ஐப் போல ஒன்றரை மடங்கு உதைக்கும், 358 நார்மா அதற்கும் மேல். ரைஃபிள் ஸ்கோப்போடு நாலு கிலோவாவது இருக்கட்டும். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம். இல்லாவிட்டால் புருவம் கிழியும். இரவல் ரைஃபிள் கிடைத்தால் உட்கார்ந்த நிலையில் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சுடும்போது கண் மூடினால் அந்தத் தோட்டா உங்களுக்கு இல்லை.

அக்கா மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ரைஃபிளுக்கு அட்வான்ஸ் குடுத்துரட்டுங்களா மாமா?" என்றான். கூடு, டை, குண்டு மூன்றும் வீட்டு அலமாரிக்கு வந்து சேரட்டும் மாப்ளே, அப்புறம் குடு என்றேன். டை வந்துவிட்டதாம். கூட்டுக்கு ஆர்டர் போட்டிருக்கிறான்.