பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாச்சா? முதலில் ஒரு பூட்டும் நூலும் எடுங்க

மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கிடைத்து, உசிலம்பட்டி பஸ்ஸிலோ மேலூர் பஸ்ஸிலோ தொங்கிக்கொண்டு போய் வருகிறீர்கள். பாடத்திட்டத்தைத் திறந்தால் இயக்கவியல், பருப்பொருளின் பண்புகள், வெப்பம், ஒளியியல், மின்னும் காந்தமும், நவீன இயற்பியல் என்று வரிசையாக மிரட்டும். எல்லாவற்றுக்கும் சமமாக நேரம் ஒதுக்காதீர்கள். இயக்கவியலில் காலூன்றினால் பாதி மிரட்டல் போய்விடும்.

அதற்கும் முன்னால் கணக்கு. வகையிடல், தொகையிடல், வெக்டர் மூன்றும் கைக்கு வர வேண்டும். 'அலைட் மேத்ஸ்தானே, துணைப்பாடம்தானே' என்று நான் அலட்சியமாக விட்டதில், முதல் பருவத்தில் இயக்கவியலிலேயே அரியர் விழுந்தது. தினமும் அரை மணி நேரம் போதும், ஆனால் பேனா பிடித்துப் போட வேண்டும், யூடியூபில் பார்த்துத் தலையாட்டினால் வராது.

சரி, பூட்டு. நிலைக்கதவின் மேல்சட்டத்தில் ஆணி அடித்து (அம்மாவிடம் கேட்டுவிட்டு) நூலில் பூட்டைத் தொங்கவிடுங்கள். ஆணியிலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை 1 மீட்டர். லேசாக இழுத்துவிட்டு 20 அலைவுகளுக்கு (போய்த் திரும்பி வந்தால்தான் ஓர் அலைவு) போன் ஸ்டாப்வாட்சில் நேரம் எடுத்தால் ஏறக்குறைய 40 விநாடி வரும். நீளம் மாறாமல் கனமான பூட்டை மாட்டினாலும் அதே நேரம்தான். 25 செ.மீ. ஆக்கினால் 20 விநாடி, அதாவது நீளம் கால்பங்கானால் நேரம் பாதி. நாலைந்து நீளங்களுக்கு ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைபடமாகப் போட்டு, சாய்விலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுங்கள். 9.8-க்குப் பதில் 9.5 வந்தால் விடையை 'சமைக்க' வேண்டாம், நீளத்தை எங்கிருந்து எங்கே அளந்தீர்கள் என்று பாருங்கள். லேபில் பலர் சமைப்பார்கள், அது வேறு கதை.

இந்த ஊசலை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அந்த அளவுக்குத் திரும்ப இழுக்கும் விசை என்ற ஒரே சமன்பாடு, ஸ்பிரிங்கிலும் வீணைத் தந்தியிலும் திடப்பொருளின் அணுக்களிலும் வேஷம் மாற்றி வருகிறது. மீனாட்சி அம்மன் கோயில் இசைத்தூண்களிலும் மெல்லிய கல் அதிர்வதுதான் ஸ்வரம். கல்லின் நீளம், பருமன், அடர்த்தி, யங் குணகம் (கல்லின் விறைப்பைச் சொல்லும் எண்) எல்லாம் சேர்ந்து சுருதியை முடிவு செய்கின்றன, பருப்பொருளின் பண்புகள் என்ற பாடம் அங்கேயே நிற்கிறது.

விசைப்படம் வரையச் சித்திரைத் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். வடம் இழுக்கும் விசை, எடை, சக்கரத்தடியில் உராய்வு, முட்டுக்கட்டை எதிர்த்துத் தள்ளுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி. அம்பு விட்டுப்போனால் கணக்கும் போச்சு.

வெப்பத்துக்குக் கொடைக்கானல். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகச் சுணங்கும். அதே ஊர் சூரிய ஆய்வகத்தில்தான் 1909-இல் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர், சூரியப் புள்ளியின் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்) இடம்பெயர்வதைக் கண்டு, அங்கே வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று சொன்னார். லேபில் சோடியம் விளக்கின் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அலைநீளக் கோடுகளை நிறமாலைமானியில் தேடிக் கண் வலிக்கும்போது இது ஞாபகம் வரட்டும். கோடுகள் ஏன் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் விழுகின்றன என்று கேட்டால் நவீன இயற்பியலுக்குள் போய்விடுவீர்கள்.

மின்னும் காந்தமும்தான் உண்மையில் கஷ்டம். காஸ் விதியை (மூடிய பரப்பு வழியே போகும் மின்புலத்தை உள்ளிருக்கும் மின்னூட்டத்தோடு இணைப்பது) மனப்பாடம் செய்வதற்கு முன் புலக்கோடுகளை வரையுங்கள், வெக்டர் நுண்கணிதம் தகராறு செய்தால் அங்கேயே ஒரு வாரம் நில்லுங்கள். அப்புறம் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்று வரும்போது பழைய பூட்டு நோட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்: ஸ்பிரிங்கில் நிறை இருந்த இடத்தில் தூண்டல் எண் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு), விலகல் இருந்த இடத்தில் மின்னூட்டம், மற்றபடி வரிக்கு வரி அதே கணக்கு.