பனிக்காலத்தில் தோலை நாமே காயவைக்கிறோம்: கொங்குப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் விடிகாலையில் வெந்நீர் அடுப்புப் புகைதான் முதலில் எழும்பும். தேங்காய்த் தொட்டியும் பன்னாடையும் போட்டு எரித்த தண்ணீர், கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். "சுடச்சுட ஊத்துனாத்தான் கண்ணு குளுரு போகும்" என்று அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) மொண்டு மொண்டு ஊற்றுவார்கள். குளித்து அரை மணி நேரம் ஆவதற்குள் முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்துவிடும். நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். "பனி அடிச்சிருச்சு" என்பார்கள். அந்தச் சுடுதண்ணீரை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

பனிக்கும் பங்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்று கோவை வழியாகப் பாலக்காட்டுக் கணவாயை நோக்கி ஓடும். காற்றில் ஈரம் குறையக் குறைய, தோலிலிருக்கும் ஈரம் வெளியேறும். அதைத் தடுத்து நிறுத்துவது தோலின் மேலடுக்கில் இருக்கும் மெல்லிய கொழுப்புப் பூச்சு. கறி ஆக்கிய சட்டியைப் பச்சைத் தண்ணீரில் கழுவினால் பிசுக்கு போகாது, சுடுதண்ணீர் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு போய்விடும் அல்லவா? தோலிலும் அதேதான் நடக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும், பத்து நிமிடத்துக்குள் குளித்து முடித்துவிட வேண்டும்.

அடுத்தது அரப்பு, அதாவது உசில மரத்து இலையைக் காயவைத்து அரைத்த பொடி. இதைச் சொன்னால் வீட்டில் பெரியவர்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். எண்ணெய்க் குளியல் நல்ல பழக்கம். தலைக்கு அரப்பு போடுவதிலும் குறையில்லை. ஆனால் மிச்ச அரப்பை எடுத்துக் கை கால் எல்லாம் பரபரவென்று தேய்க்கிறோமே, அங்கேதான் தவறு. உசில இலையில் நுரைக்கிற சத்து இருக்கிறது, எண்ணெயை இழுப்பதுதான் அதன் வேலை. அரை மணி நேரம் ஊறவைத்த எண்ணெயோடு தோலின் சொந்தக் கொழுப்பையும் அது சேர்த்து எடுத்துவிடும். பனிக்காலத்தில் உடம்பில் ஊறிய எண்ணெயை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். கடலைமாவும் பயத்தமாவும்கூட இந்த இரண்டு மாதம் முகத்துக்கு வேண்டாம்.

சோப்பிலும் கவனம் வேண்டும். தோல் இயல்பாகவே லேசான புளிப்புத் தன்மை உடையது, சாதாரண சோப்போ அதற்கு எதிரான காரத்தன்மை உடையது. சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் நுரை படியாமல் அலசிப் போகும். காங்கேயம், தாராபுரம் பக்கத்து உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து தோலிலேயே படிந்து நிற்கும், பிறகு அரிக்கும். அக்குள், இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் சோப்பு போட்டால் போதும். கை காலுக்குத் தினமும் தேவையில்லை.

எண்ணெயோ கிரீமோ எப்போது தடவுகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நன்றாகத் துவட்டி, உடுத்தி, சாப்பிட்டு, வண்டியை எடுக்கும்போது கை வெளுத்திருப்பதைப் பார்த்து அவசரமாக இரண்டு சொட்டு எண்ணெய் தடவுகிறோம். எண்ணெய் தோலுக்குத் தண்ணீர் கொடுக்காது, இருக்கிற தண்ணீரைப் போகவிடாமல் மூடி வைக்கும். காய்ந்த தோலை மூடி என்ன பயன்? ஒற்றி எடுத்த மூன்று நிமிடத்துக்குள், ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். விலை உயர்ந்தது தேவையில்லை. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயோ சாதாரண வாசலினோ போதும். உதட்டுக்கும் வாசலின்தான். நாக்கால் நனைத்துக்கொண்டே இருந்தால் வெடிப்பு கூடும்.

குதிகால் வெடிப்பு தனிக் கதை. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. அதனால்தான் முகம் பளபளவென்று இருக்கிறவர்களுக்கும் கால் வெடிக்கிறது. என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஒரு தை மாதம், தடித்த தோலை பிளேடால் சீவிவிட்டு மஞ்சளை அப்பிக்கொண்டு களத்துக்குப் போனார்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் வலி தெரியவில்லை. புண் சீழ் வைத்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஆறுவதற்குள் பட்ட பயம் இன்னும் எனக்குப் போகவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் பிளேடு, பீர்க்கன் நார், கல் எதையும் காலில் வைக்கக் கூடாது. தினமும் இராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைப் பார்க்க வேண்டும். வெடிப்பில் இரத்தமோ நீரோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றவர்கள் படுக்கும் முன் பத்து நிமிடம் காலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, ஒற்றி, யூரியா கலந்த கிரீம் தடவி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு தூங்கலாம்.

வெயில் இதமாக இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை நிறுத்துவதும் தவறு. மார்கழியிலும் நம் ஊர் உச்சி வெயில் வலுவானதுதான். மஞ்சள் வெட்டப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் விடக் கூடாது.

கடைசியாக, எல்லா அரிப்பும் பனி அரிப்பு அல்ல. இராத்திரியில் கூடுகிறது, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிப்பொரியாக இருக்கிறது, வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார் என்றால் அது சிரங்காக இருக்கலாம். தோலுக்குள் குடியிருக்கும் சிறு பூச்சியால் வருவது அது, எண்ணெய்க்கு அடங்காது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் அரிப்பு இரண்டு நாள் அமுங்கும், பூச்சி பெருகிக்கொண்டே இருக்கும். அதே களிம்பை முகத்துக்கு மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து சிவந்துவிடும். மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட்டுக்கொள்ள வேண்டும், அரிப்பு இல்லாதவர்களும் சேர்த்து. போர்வை, தலையணை உறைகளையும் அன்றைக்கே சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும்.