தொட்டியில் குண்டுமல்லி: கத்தரிக்கப் பயப்படாதீர்கள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் முழம் மல்லிகை வாங்கும்போதெல்லாம் வீட்டில் ஒரு செடி இருந்தால் என்ன என்று தோன்றுகிறதா? வைத்துவிடலாம். மலாய்க்காரர்கள் மெலூர் என்று சொல்வதும் இதே குண்டுமல்லிதான். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் நன்றாக வரும், ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும்.

முதலில் குச்சி. தெரிந்தவர் வீட்டில் செடி இருந்தால் கேட்டு வாங்குங்கள். ரொம்ப இளசும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம், வளைத்தால் லேசாக வளைய வேண்டும். 15 செ.மீ. நீளத்தில் ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் பாதி புதையும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். ஒன்றரை மாதம் போல ஆனதும் மெல்ல இழுத்துப் பாருங்கள், அசையாமல் நின்றால் வேர் பிடித்துவிட்டது.

அப்புறம் 12 அங்குலத் தொட்டி, அடியில் துளை கட்டாயம். மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும், அதனால் மழை பெய்ததும் கொட்டிவிடுங்கள்.

வெயில் தினமும் 6 மணி நேரமாவது வேண்டும். என் முதல் செடியைக் கார் நிறுத்தும் கூரைக்கடியில் வைத்திருந்தேன், இலையாகத் தழைத்ததே தவிர ஒரு மொட்டு இல்லை. கேட் பக்கம் நகர்த்திய பிறகுதான் பூத்தது.

சரி, இப்போது முக்கியமான விஷயம். மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். ஆகவே ஒரு தடவை பூத்து ஓய்ந்ததும் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை, இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கொஞ்ச நாளில் அந்த இரண்டு இலைக் கக்கத்திலும் பச்சைப் புள்ளி போல முளை எட்டிப் பார்க்கும், ஒரு கிளை இரண்டாகும், இரண்டின் நுனியிலும் மொட்டு வரும். மனசு கேட்காமல் விட்டுவிட்டால் செடி கொடி மாதிரி நீண்டுகொண்டே போகும், பூ குறையும். வெட்டியதும் ஒரு கைப்பிடி உரம் போடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் மிஞ்சும்.

மொட்டு ஊதா நிறமாகி ஓட்டை தெரிந்தால் மொட்டுப்புழு. அதைக் கிள்ளி எறிந்துவிட்டு, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

பறிக்கும் நேரமும் உண்டு. வெள்ளையாகப் பருத்து, இன்னும் விரியாத மொட்டைப் பொழுது சாயும் முன் பறித்து, ஏழு மணிக்குள் கட்டி முடித்தால், தலையில் வைத்த பிறகுதான் விரியும்.