மைல்ஸ் டேவிஸ், பிரின்ஸ், "பூட்டி வச்ச டேப்": ரசிகர்கள் திரும்பத் திரும்ப பண்ற தப்புகள்

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும், ஃபங்க் (துள்ளலான ஆட்ட இசை) பாடகர் பிரின்ஸும் சேர்ந்து ஒரு முழு ஆல்பம் வாசிச்சு வச்சிருக்காங்க, கம்பெனிக்காரன் அதைப் பூட்டி வச்சிட்டான், வெளிய வந்துச்சுன்னா அவ்ளோதான்... இந்தக் கதைய ஜாஸ் கேக்குறவனும் சொல்லுவான், ஃபங்க் கேக்குறவனும் சொல்லுவான், ரெண்டையும் கேக்காதவன் இன்னும் கொஞ்சம் சேர்த்தே சொல்லுவான். எனக்கு இந்த ரெண்டு பேர் மேலயும் பைத்தியம், அதனால அப்படி ஒரு ஆல்பம் இருந்தா மொதல்ல சந்தோஷப்படுற ஆளு நான்தான். ஆனா உண்மையில கையில இருக்கறது என்னன்னு பாத்தா, 1985 கடைசியில ஆரம்பிச்ச ஒரே ஒரு பாட்டு, ஒரு மேடையில சில நிமிஷம், பாடகி சக்கா கான் ஆல்பத்துல ஒரு பாட்டு, அப்புறம் 1991-ல பிரின்ஸ் அனுப்பின சில ட்யூன்கள், இவ்ளோதான். இதை வச்சுக்கிட்டு எப்படி ஒரு ஆல்பம் கதை உருவாச்சுங்கறதுதான் எனக்கு ஆச்சரியம்.

மொத தப்பு, ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து கண்ணால ஜாடை காட்டிக்கிட்டு வாசிச்ச மாதிரி நெனச்சுக்கறது. 'கேன் ஐ ப்ளே வித் யூ' பாட்டு அப்படி உருவாகல. 1985 டிசம்பர்ல, கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட, பிரின்ஸ் பாட்டை ரெக்கார்ட் பண்றாரு, அவர் பேண்ட்ல இருந்த எரிக் லீட்ஸ் சாக்ஸஃபோன் வாசிக்கறாரு, அந்த டேப்பை மைல்ஸுக்கு அனுப்பறாங்க, உங்களுக்குத் தோணுறதை வாசிங்கன்னு. மைல்ஸ் 1986-ல தனியா ஸ்டுடியோவுல அது மேல ட்ரம்பெட் வாசிச்சு சேக்கறாரு. அதாவது பிரின்ஸ் வாசிச்சதுக்கு மைல்ஸ் பதில் வாசிக்கலாம், மைல்ஸ் வாசிச்சதைக் கேட்டு பிரின்ஸ் மாத்தி வாசிக்க வழியே இல்ல. இது தெரியாம கேட்டா "என்னடா ரெண்டு பேரும் தனித்தனியா போறாங்க"ன்னு ஏமாத்தமா இருக்கும், தெரிஞ்சு கேட்டா மைல்ஸ் எங்கெங்க இடம் தேடி நுழையறாருன்னு கவனிக்கலாம், அது நல்லா இருக்கும்.

அடுத்தது கம்பெனி மேல பழி போடறது. ரெக்கார்ட் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல, ஆனா இந்த கேஸ்ல அது சரியா வரல. மைல்ஸ் கொலம்பியா கம்பெனிய விட்டுட்டு 1985-ல வார்னர் கம்பெனிக்கு வந்தாரு, பிரின்ஸ் ஏற்கனவே வார்னர் ஆளு, ரெண்டு பேரும் ஒரே வீடு, தடுக்கறதுக்கு அவங்களுக்கு என்ன காரணம்? அவங்களுக்கு அது லாட்டரி மாதிரி. பாட்டு மைல்ஸோட 'டூட்டூ' ஆல்பத்துல வர்றதா இருந்துச்சு, ஆல்பத்துல இருக்க மத்த பாட்டுகளைக் கேட்ட பிரின்ஸ், தன்னோடது இதுக்குப் பொருந்தலன்னு தானே வாபஸ் வாங்கிட்டாரு. இதுல சதியும் இல்ல சண்டையும் இல்ல. 'டூட்டூ'வ ஒரு தடவ முழுசா கேளுங்க, அந்த ஆல்பத்தோட இசையமைப்பாளர் மார்கஸ் மில்லர் பேஸும் சின்தும் ட்ரம் மெஷினும் வச்சு கட்டின இருட்டான, நிதானமான ஒரு சவுண்டு, அதுக்கு நடுவுல பிரின்ஸோட துள்ளல் ஃபங்க் வந்து உக்காந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பிரின்ஸ் எடுத்த முடிவு சரின்னுதான் எனக்குத் தோணுது.

அந்தப் பாட்டு 2020 செப்டம்பர் 25 அன்னிக்கு பிரின்ஸ் ஆல்பம் 'சைன் ஓ த டைம்ஸ்'ஓட சூப்பர் டீலக்ஸ் செட்ல (பழைய ஆல்பத்தோட வெளிவராத பாட்டுகளையும் சேத்து போட்ட பதிப்பு) ஒழுங்கான சவுண்டோட வெளிவந்துருச்சு. இன்னும் சிலர் அதை "கெடைக்கவே கெடைக்காத பாட்டு"ன்னு சொல்லிட்டுத் திரியறாங்க, இது அடுத்த தப்பு, செக் பண்ணாம சொல்றது. வெளிவந்தப்போ பாதிப் பேருக்கு ஏமாத்தம். முப்பது வருஷத்துக்கு மேல தேஞ்சுபோன கேசட் காப்பியில கேட்டப்போ, கேக்காத இடத்தையெல்லாம் நம்ம கற்பனை நிரப்பிருச்சு, தெளிவா கேட்டதும் "ஓ இவ்ளோதானா". நல்ல பாட்டுதான், கொண்டாட்டமான பாட்டு, ஆனா வெளிவராததுனாலயே எதுவும் தலைசிறந்த படைப்பு ஆயிடாது. பல விஷயம் வெளிவராம போனதுக்குக் காரணம் வாசிச்சவருக்கே திருப்தி இல்லங்கறதுதான்.

இதுல கொடுமை என்னன்னா, பூட்டி வச்சதைத் தேடற அவசரத்துல கடையில வித்ததை யாரும் கேக்கல. 1988-ல சக்கா கானோட 'சி.கே.' ஆல்பத்துல 'ஸ்டிக்கி விக்கிட்'னு ஒரு பாட்டு, எழுதி தயாரிச்சது பிரின்ஸ், ட்ரம்பெட் மைல்ஸ், அட்டையிலயே போட்டிருக்கு, அன்னிக்கே கடையில கெடைச்சுது. சக்கா கான் மாதிரி ஒரு குரல் முன்னாடி நிக்க, பின்னாடி இவங்க ரெண்டு பேரும். "ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணுமே வெளிவரல"ன்னு அழறவங்க கிட்ட இதைச் சொன்னா, கேட்டிருக்க மாட்டாங்க. சில பேர் கேட்டுட்டு "ஆனா இது ரிலீஸ் ஆனதுதானே"ன்னு சொல்லுவாங்க பாருங்க, அப்போ உங்களுக்கு வேணுங்கறது பாட்டா, பூட்டாய்யா?

அப்புறம் அந்த மேடை. 1987 டிசம்பர் 31, மினசோட்டாவுல பிரின்ஸோட ஸ்டுடியோ பெயிஸ்லி பார்க், வீடில்லாதவங்களுக்காக நடத்தின கச்சேரி, அதுல மைல்ஸ் வந்து கொஞ்ச நேரம் வாசிச்சுட்டுப் போறாரு. இதோட வீடியோவும் அதே 2020 செட்ல இருக்கு. ரெண்டு பேரும் உண்மையிலேயே ஒரே இடத்துல நின்னு வாசிச்சது இதுதான், பிரின்ஸ் வார்த்தை இல்லாம வாயாலயே 'ஸ்காட்' பாடி சீண்டறதும் மைல்ஸ் முகத்துல ஒண்ணும் காட்டிக்காம ட்ரம்பெட்ல திருப்பிக் கொடுக்கறதும், எனக்கு டேப்பைவிட இதுதான் பெருசு. இதுல இன்னொரு தப்பு ஒளிஞ்சிருக்கு, மொத்த ஷோவுலயும் மைல்ஸ் வாசிச்சாருன்னு நெனச்சு முழுசா உக்காந்து தேடறது. கடைசியில பேண்ட் நீட்டி வாசிக்கற அந்த ஜாம்ல சில நிமிஷம் மட்டும்தான் அவர்.

ட்ரம்பெட் கேட்டாலே மைல்ஸ்னு முடிவு பண்றதும் ரொம்ப சகஜம். பிரின்ஸோட அந்தக் காலத்து வெளிவராத ரெக்கார்டிங் எதுல ம்யூட் (சத்தத்தை அடக்கற மூடி) போட்ட ட்ரம்பெட் வந்தாலும் தலைப்புல மைல்ஸ் பேரை ஒட்டிடுவாங்க. 1986-லேர்ந்து பிரின்ஸ் பேண்ட்லயே ஒரு ட்ரம்பெட் காரர் இருந்தாரு, அட்லாண்டா ப்ளிஸ்னு பேர், எரிக் லீட்ஸோட சேர்ந்து ஹார்ன் செக்‌ஷன் அவங்கதான். அதனால தேதியும் பேரும் இல்லாத டேப்ல ட்ரம்பெட் கேட்டா மொத சந்தேகம் ப்ளிஸ் மேலதான் வரணும். மைல்ஸ்னா அந்த இடைவெளி தெரியும், ஒரு சுரத்தை விட்டுட்டு அடுத்ததுக்கு அவசரமே இல்லாம வருவாரு, ரிஃப்ப (திரும்பத் திரும்ப வர்ற சின்ன மெட்டு) கும்பலோட சேர்ந்து அடிக்க மாட்டாரு. இப்போ டோனைக்கூட போலியா செய்யற டூல்ஸ் வந்துருச்சு, திடீர்னு யூட்யூப்ல சுத்தமான சவுண்டோட "கண்டெடுக்கப்பட்ட" பாட்டு வந்தா, யாரு வாசிச்சது எந்த வருஷம்னு ஒரு வரி கூட இல்லன்னா, நம்பாதீங்க.

பிரின்ஸ் மறைஞ்சு நின்னு நடத்தின மேட்ஹவுஸ் பத்தியும் சொல்லணும். பேரு தெரியாத ஒரு ஜாஸ் ஃபங்க் பேண்ட் மாதிரி 1987-ல '8', '16'னு ரெண்டு ஆல்பம் வந்துச்சு, '8'ல சாக்ஸஃபோன் எரிக் லீட்ஸ், மத்ததெல்லாம் பிரின்ஸ், ஆனா அட்டையில பிரின்ஸ் பேரே இல்ல. மூணாவதா '24' தயார் பண்ணி அது வெளிவரல. இதைச் சொன்னதும் எல்லாரும் "ஐயோ தொலைஞ்சு போச்சே"ன்னு துக்கம் கொண்டாடுவாங்க, ஆனா அந்த சமயத்து சரக்குல கொஞ்சம் 1991-ல எரிக் லீட்ஸோட 'டைம்ஸ் ஸ்கொயர்ட்' ஆல்பத்துல வேற உருவத்துல வந்துருச்சு. ஆல்பம் வரலன்னா பாட்டும் வரலன்னு அர்த்தம் இல்ல, அந்தப் பேண்ட்ல இருந்தவங்களோட சொந்த ஆல்பத்தையும் போய்ப் பாருங்க.

பேசினதை நடந்ததா எடுத்துக்கறது இன்னொண்ணு. 1969 அக்டோபர்ல கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், மைல்ஸ், ட்ரம்மர் டோனி வில்லியம்ஸ் மூணு பேர் பேர்லயும் பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னிக்கு ஒரு தந்தி போச்சு, இந்த வாரக் கடைசியில நியூயார்க்ல ரெக்கார்டிங், வந்து பேஸ் வாசிக்க முடியுமான்னு. அவர் ஊர்ல இல்ல, லீவுல போயிருக்காருன்னு ஆபீஸ்லேர்ந்து பதில். தந்தி நெஜம், ஆனா அந்த ரெக்கார்டிங் நடக்கல, அடுத்த வருஷம் செப்டம்பர்ல ஹெண்ட்ரிக்ஸ் போய்ட்டாரு. பொண்ணு பாத்துட்டு வந்ததையே கல்யாணம்னு சொல்லி ஆல்பம் கேக்குற மாதிரி, அந்த டேப் எங்கன்னு இன்னும் தேடறாங்க.

அதே 1969 மே மாசம் நெஜமாவே ஒரு ரெக்கார்டிங் நடந்துச்சு, அதைப் பத்தி பேசறவங்க கம்மி, எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் பிடிச்சது இதுதான். மைல்ஸோட அப்போதைய மனைவி பெட்டி டேவிஸ், பின்னாடி எழுபதுகள்ல ஃபங்க்ல ஒரு ராட்சசியா வந்தவங்க, அவங்களுக்காக கொலம்பியா ஸ்டுடியோவுல மைல்ஸும் அவரோட தயாரிப்பாளர் டியோ மாசெரோவும் தயாரிப்பு, வாசிச்சது ஜாஸ் பெரிய ஆளுங்க ஹெர்பி ஹான்காக், வேய்ன் ஷார்ட்டர், ஜான் மெக்லாலின், லாரி யங், இந்தப் பக்கம் ஹெண்ட்ரிக்ஸ் ஆளுங்க மிட்ச் மிட்செல், பில்லி காக்ஸ். லிஸ்டைப் படிச்சாலே மூச்சு முட்டுது. வெளிவராம கெடந்து 2016-ல லைட் இன் த அட்டிக் கம்பெனி போட்டுச்சு. இதுல ஹெண்ட்ரிக்ஸே வாசிச்சிருக்காருன்னு வருஷக்கணக்கா வதந்தி, அவரோட ட்ரம்மரும் பேஸ் காரரும் இருந்ததால வந்த குழப்பமா இருக்கும், அவர் இதுல இல்ல. மைல்ஸும் ட்ரம்பெட் தொடல, நடுவுல அந்தக் கரகரக் குரல்ல பெட்டிக்கு சொல்லிக் கொடுக்கறது மட்டும் கேக்கும். ட்ரம்பெட் எதிர்பாத்து வாங்கிட்டுத் திட்டறவங்க இருக்காங்க. அதைவிடப் பெரிய தப்பு, இதை "மைல்ஸோட ரகசிய ஆல்பம்"னு சொல்றது. இது பெட்டியோட ஆல்பம்ங்க. சில வருஷத்துல ஸ்லை ஸ்டோன் பேண்ட் ட்ரம்மர் கிரெக் எர்ரிகோவ தயாரிப்பாளரா வச்சு 1973-ல மொத ஆல்பம் போட்டாங்க, அதைக் கேட்டுட்டு இந்த டேப்புக்கு வந்தா, இத்தனை பெரிய ஆளுங்க நடுவுல அவங்க இன்னும் தன் குரலைத் தேடிட்டு இருக்கறது தெளிவா தெரியும்.

மைல்ஸ் இறந்தப்புறம் மத்தவங்க முடிச்சதை அவரே முடிச்சதா கேக்கறதும் நிறுத்தணும். 'ரப்பர்பேண்ட்' ஆல்பம் 1985-86-ல ராண்டி ஹால், ஜேன் கைல்ஸ் கூட ஆரம்பிச்சு பாதியில விட்டது, 2019-ல வெளிவந்தப்போ அவங்க ரெண்டு பேரும் மைல்ஸோட அக்கா மகன் வின்ஸ் வில்பர்னும் சேர்ந்து முடிச்சுக் கொடுத்தாங்க, பாடகிகள் லெடிசி, லேலா ஹாத்தவே குரலெல்லாம் புதுசா சேத்தது. அதுக்கு மேல, பழைய 'ரப்பர்பேண்ட்' ட்ரம்பெட்டைத்தான் 1992-ல வந்த 'டூ-பாப்'ல ரெண்டு பாட்டுக்கு ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஈஸி மோ பீ எடுத்து பீட் கட்டினாரு, மைல்ஸ் 1991 செப்டம்பர் 28-லயே போய்ட்டாரு. ஒரே சமயத்து சரக்கு, ரெண்டு ஆல்பம், ரெண்டு தடவையும் அவர் கேக்காத பின்னணி. "கடைசிக் காலத்துல மைல்ஸ் இப்படித்தான் யோசிச்சாரு"ன்னு இந்தப் பாட்டுகளை வச்சு பக்கம் பக்கமா எழுதறவங்களைப் பாத்தா பாவமா இருக்கு.

அந்த 1991 ட்யூன்கள் வேணும்னா வியன் கச்சேரிக்குப் போங்க. பிரான்ஸ்ல அந்த வருஷம் ஜூலை 1-ல வாசிச்சது, 'மெர்சி மைல்ஸ்'ங்கற பேர்ல 2021-ல வெளிவந்துச்சு, அதுல 'பெனட்ரேஷன்', 'ஜெயில்பெய்ட்' ரெண்டும் பிரின்ஸ் எழுதினது. பிரின்ஸ் மேடையில இல்ல, அதை முன்னாடியே மனசுல வச்சுக்கிட்டு கேளுங்க, இல்லன்னா கிடார் வர்ற இடத்துலெல்லாம் அவர்தான்னு நெனச்சுக்குவீங்க. சாகறதுக்கு மூணு மாசம் முன்னாடி வாசிச்சதுன்னு நம்ப முடியாத அளவுக்கு 'பெனட்ரேஷன்'ல பேண்ட் இறுக்கமா இருக்கு, 1986 டேப்பைவிட இதைத்தான் நான் அடிக்கடி போடறேன்.