ஃபர்னஸுக்கு மூச்சு முட்டாத ஃபில்டர்

முதல் குளிர்காலத்தில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு, இருப்பதிலேயே உசத்தியான காற்று ஃபில்டராகப் பார்த்து வாங்கி மாட்டினேன். மெர்வ் 13 (ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்று காட்டும் எண்), ஒரு அங்குலத் தடிமன். இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் ஃபர்னஸ் அடம்பிடிக்கத் தொடங்கியது. பர்னர் பற்றும், கொஞ்ச நேரத்தில் அணையும், விசிறி மட்டும் ஓடும். வந்த மெக்கானிக் ஃபில்டரை உருவிக் காட்டினார். அட்டைச் சட்டம் வில்லாக வளைந்திருந்தது. மடிப்புகளில் பூனை முடியும் சாம்பல் நிறத் தூசியும் கம்பளி போல அப்பியிருந்தன. காற்று போதாமல் உள்ளே சூடு ஏற, சூடு மீறாமல் காக்கும் லிமிட் சுவிட்ச் பர்னரை நிறுத்தியிருக்கிறது.

மெர்வ் எண் கூடக் கூட நுண்ணிய தூசி சிக்கும். காற்றுக்கும் பொதுவாகத் தடை கூடும். சாதாரணத் தூசி, பஞ்சு இழைக்கு 8 போதும். புகைத் துகள் வரை பிடிக்க வேண்டுமென்றால் 13. ஆனால் அதை உங்கள் விசிறி தாங்குமா என்று ஃபர்னஸ் கையேட்டில் பார்த்துவிடுங்கள். இடம் இருந்தால் 4 அங்குல ஃபில்டர்தான் என் கட்சி. மடிப்புப் பரப்பு அதிகம் என்பதால் அதே எண்ணில் காற்று சுலபமாகப் போகும். ஒரு அங்குலப் பள்ளத்தில் அதைத் திணிக்க முடியாது, அது வேறு விஷயம். மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் மீது ஆசை வேண்டாம். சாதாரண வீட்டு விசிறிக்கு அது சுவர் மாதிரி.

அளவை நீங்களே டேப் வைத்து அளந்து குழம்பாதீர்கள். 16x25x1 என்று அச்சிட்டிருப்பது அளந்தால் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். பழைய சட்டத்தில் உள்ள எண்ணையே கேட்டு வாங்குங்கள். சந்து விட்டால் தூசி அந்த வழியாகப் போய்விடும்.

மாற்றும்போது முதலில் ஃபர்னஸை அணையுங்கள். சட்டத்தில் உள்ள அம்புக்குறி விசிறியைப் பார்த்து இருக்க வேண்டும். ஓரத்தில் தேதி எழுதுங்கள். ஒரு அங்குலத்தை மாதம் ஒருமுறை உருவிப் பாருங்கள். 1 முதல் 3 மாதத்தில் மாற்ற வேண்டிவரும். 4 அங்குலம் 6 முதல் 12 மாதம் தாங்கும். காகித மடிப்பை வேக்குவம் போட்டு மறுபடி மாட்டிப் பார்த்திருக்கிறேன், வீண் வேலை. கழுவும் வகையென்றால் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே போக வேண்டும்.

அப்புறம், விசிறிப் பெட்டியின் கதவைத் திறந்திருந்தால் அழுத்தி மூடுங்கள். கதவு சரியாக மூடாவிட்டால் ஃபர்னஸை ஓடவிடாத பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று உண்டு. அது தெரியாமல் அரைமணி நேரம் தெர்மோஸ்டாட்டைத் திட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.