கௌதாரி வாழும் புல்வெளியைக் காக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

வேப்பனப்பள்ளி, குப்பம் பக்கமும், குடியாத்தம் தாண்டிப் பலமனேர் ஏறும் பக்கமும் பாறைக் கரடுகளுக்கு நடுவே முழங்கால் உயரப் புல், இடையிடையே காரைப் புதர், தூரத்துக்கு ஒரு வெள்வேல் என்று நிலம் கிடக்கும். வருவாய்க் கணக்கில் இது தரிசு, அல்லது மேய்க்கால் புறம்போக்கு. கௌதாரி, காடை, கல்கௌதாரி மூன்றுக்கும் இதுதான் வீடு. இந்த நிலம் அழிவதற்கு ஆக்கிரமிப்பு ஒரு காரணம் என்றால், நல்லெண்ணத்தோடு செய்யும் வேலைகளும் அதே அளவு காரணம். இங்கே சொல்ல வருவது அந்த வேலைகளைப் பற்றி.

முதலில் மரம் நடுவது. வெட்டவெளியைப் பார்த்ததும் குழி தோண்டும் பழக்கம் நமக்கு ஊறிவிட்டது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி, ஜேசிபி வைத்து வரப்பு மாதிரி நீளப் பள்ளம், அதில் தைலமரமோ சவுக்கோ. மூன்று நான்கு வருடத்தில் நிழல் கட்டிவிடும். கொழுக்கட்டைப்புல்லும் ஊசிப்புல்லும் வெயில் குடித்து வளர்பவை, நிழலில் தூர் மெலிந்து செத்துப்போகும். அதோடு, உயரமான மரம் என்பது காகத்துக்கும் வல்லூறுக்கும் காவல் கோபுரம். தரையில் முட்டையிடும் பறவைக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. நட்டே ஆக வேண்டும் என்றால் சூரை, களா, காரை, சங்கஞ்செடி போன்ற முள் புதர்களை ஐந்தாறு செடிகள் கொண்ட கொத்துகளாக, முப்பது நாற்பது தப்படிக்கு ஒன்றாக நடுங்கள். இருக்கிற வெள்வேலை வெட்ட வேண்டாம். கௌதாரி இரவில் முள் மரத்திலும் புதரிலும்தான் ஏறி அடையும்.

இதற்கு நேர் எதிரான தவறு, ‘சுத்தம் செய்வது’. சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் புல்லை மூடிக் கொல்கின்றன, அகற்றத்தான் வேண்டும். ஆனால் ஒரே வாரத்தில் மொத்தத்தையும் மழித்துவிட்டால் பறவைக்கு ஒளிய இடமே இருக்காது. மூன்று வருடத்துக்குப் பிரித்து, வருடத்துக்கு ஒரு பங்காக எடுங்கள். எடுத்த இடத்தில் நம் ஊர் முள் புதர் தலையெடுத்த பிறகு அடுத்த பங்குக்குப் போங்கள். சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் ஒரு மழையில் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். முக்கால் அடியிலிருந்து ஒரு அடி ஆழம் தோண்டி, துளிர்விடும் தூர்ப்பகுதியோடு வெட்டி எடுக்க வேண்டும். உண்ணிச்செடிக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம். மண்ணுக்குக் கீழே இரண்டு விரல் அளவில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து அங்கேயே காயவிட்டால் போதும். காய் பழுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், பழம் உதிர்ந்தபின் இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் விதை தூவியதாகிவிடும். அடுத்த இரண்டு மழைக்காலமும் முளைப்பைப் பிடுங்க ஆள் இல்லையென்றால் தொடங்காமல் இருப்பதே மேல்.

மேய்ச்சல் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறுகிறோம். வருடம் முழுக்க ஆடு மாடு விட்டால் புல் கட்டாந்தரையாகிவிடும், அது எல்லோருக்கும் தெரியும். மேய்ச்சலை அடியோடு நிறுத்துவதும் தவறு என்பதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. மேயாத புல் இரண்டு மூன்று வருடத்தில் பழைய தாளோடு பின்னிக்கொண்டு மெத்தைபோல் அடைத்துவிடும். கௌதாரிக் குஞ்சு பொரிந்த சில மணி நேரத்திலேயே தாயின் பின்னால் நடந்தாக வேண்டும். உடம்பு ஒரு கட்டைவிரல் அளவுதான். தூருக்கும் தூருக்கும் நடுவே ஒரு கையகலம் வெறும் மண் இருந்தால்தான் அது ஓடும், கறையான் பொறுக்கும், ஈரத்தில் நனையாமல் பிழைக்கும். கல்கௌதாரிக்கோ இந்தப் புல்லும் அதிகம். கல்லும் பொட்டலும் கலந்த வெளியில்தான் முட்டை இடும். ஆண் பறவை தண்ணீரில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு பறந்து வந்து குஞ்சுக்கு ஊட்டும் இனம் அது. ஆக ஒரே நிலத்தில் உயரப் புல், குட்டைப் புல், பொட்டல் மூன்றும் திட்டுத்திட்டாக இருக்க வேண்டும்.

அதற்கு எளிய வழி, நிலத்தை நான்காகப் பிரித்து மந்தையை முறை வைத்து விடுவது. ஒரு பங்கில் புல் மேய்ந்து மேய்ந்து கணுக்காலுக்கு மேல் நாலு விரல் என்ற அளவுக்குக் குறைந்ததும் மந்தையை அடுத்த பங்குக்கு மாற்ற வேண்டும். ஒரு பங்கை அடைகாக்கும் பருவம் முழுக்கத் தொடாமல் விட வேண்டும், அடுத்த வருடம் வேறு பங்கு. மேய்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசாமல் பலகை வைத்தால் இது நடக்காது. எந்த மேட்டில் கௌதாரி அடைகிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

காலம் தவறுவதுதான் அதிகக் குஞ்சுகளைக் கொல்கிறது. இந்தப் பக்கம் பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரை கௌதாரிக்கு முக்கியமான இனப்பெருக்கக் காலம். கூடு என்று பெரிதாக எதுவும் இருக்காது. ஒரு புல் தூரின் அடியில் ஆழமில்லாத குழி, நாலு காய்ந்த தாள், அதில் ஆறேழு வெளிறிய முட்டைகள். பெட்டை மண் நிறத்தில் படுத்தபடி, கால் அதன்மேல் படப்போகும் வரை அசையாது. புல் அறுக்கும் இயந்திரம் வந்தாலும் அதே மாதிரிதான் படுத்திருக்கும். புது மேய்ச்சல் வரட்டும் என்று சித்திரையில் தீ வைத்தாலும் அப்படியே. சுமார் மூன்று வாரம் அடைகாத்த முட்டை அத்தனையும் ஒரு பிற்பகலில் போய்விடும்.

புதர் வெட்டுவது, புல் அறுப்பது எல்லாம் விதை உதிர்ந்தபின், மார்கழியில் தொடங்கி மாசிக்குள் முடிய வேண்டும். ஒரு சாண் அடித்தாள் விட்டு அறுங்கள். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே போனால் பறவைகள் நடுவில் மாட்டிக்கொள்ளும், நடுவில் தொடங்கி வெளியே வாருங்கள். தீ இந்த வேலைக்குத் தேவையில்லை. காப்புக்காட்டை ஒட்டிய இடத்தில் தீ வைப்பது சட்டப்படியும் குற்றம்.

விதைப்பதில் ஒரு வார்த்தை. பால் மாட்டுக்கு நல்லது என்பதால் நேப்பியர் என்ற தீவனப்புல்லின் கரணையை ஊன்றுகிறார்கள். அது பாசனப் பயிர், ஆள் உயரச் சுவராக நிற்கும், உள்ளே காடை நடமாட முடியாது. கொழுக்கட்டைப்புல் விதை ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். அறுத்த கையோடு விதைத்தால் முளைக்காது. ஆறு முதல் எட்டு மாதம் கிடந்து உறக்கம் கலைந்த பழைய விதையாக வாங்கி, ஈர மணலோடு கலந்து தூவி, மேலாக மண் மூடுங்கள். ஒரு செ.மீ.க்குக் கீழே போனால் மேலே வராது.

தண்ணீர்த் தொட்டி கட்டுகிறவர்கள் செங்குத்துச் சுவர் வைக்கிறார்கள், குஞ்சு விழுந்தால் ஏற வழியில்லை. ஒரு பக்கம் கல் அடுக்கிச் சரிவு கொடுங்கள். தானியம் கொட்டுவது வேண்டவே வேண்டாம், மயிலும் பன்றியும் நாயும்தான் வந்து சேரும். புல்வெளி ஓரம் கோழிக்கழிவு கொட்டும் இடம் இருந்தால் முதல் வேலையாக அதை நிறுத்துங்கள். பண்ணைக் காடையை வாங்கி வந்து விடுவதும் கூடாது. அது வேறு இனம், நோயைத்தான் கொண்டுவரும். கௌதாரியையோ காட்டுக் காடையையோ கண்ணி வைத்துப் பிடிப்பதும், முட்டை எடுப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வேலிக்குள் இருப்பதை மட்டும் காத்தால் போதும் என்ற எண்ணமும் ஏமாற்றும். கர்நூல் பக்கம் ரோல்லபாடு சரணாலயம் 1988-இல் கானமயில் என்ற பெரிய புல்வெளிப் பறவைக்காகவே அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 6 சதுர கி.மீ. இரை தேடக் கானமயில் சுற்றியிருந்த மானாவாரி நிலங்களுக்கும் போகும். அந்த நிலங்கள் பாசனத்துக்கும் வேறு பயிருக்கும் மாறின. இன்று அங்கே கானமயில் இல்லை. நம் பக்கம் ராகி, சாமை, கொள்ளு விளையும் கொல்லைகள் கௌதாரிக்கு அதே வேலையைச் செய்கின்றன. வரப்போரம் ஐந்தாறு அடி உழாமல் விடுங்கள். மருந்து கலந்த விதை மேலே சிந்தாமல் மூடுங்கள். வரப்பில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், குஞ்சுக்கு முதல் சில வாரம் பூச்சிதான் பிரதான உணவு.

பலன் தெரிகிறதா என்று பார்க்க நாய் விட்டுக் கலைத்து எண்ணுகிறார்கள். கூட்டை விட்டு ஓடிய பெட்டை திரும்பாமலே போகலாம். காற்று இல்லாத காலையில், விடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள், அரை கி.மீ. இடைவெளியில் குறித்து வைத்த இடங்களில் பத்து நிமிடம் நின்று, எத்தனை திசையிலிருந்து கௌதாரி கூப்பிடுகிறது என்று மட்டும் குறியுங்கள். அடுத்த வருடமும் அதே இடம், அதே மாதம், அதே நேரம்.