துருநிறத் தண்ணீரைத் தெளிய வைக்க

அடிபம்பில் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பாக மாறுகிறதா? அந்தத் தண்ணீரை உயரத்திலிருந்து குடம் மாற்றிக் குடம் நாலைந்து முறை ஊற்றி, மூடிவைத்து இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள். காலையில் மேல்தண்ணீரை மட்டும் நாலாக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டலாம்.

ஜார்க்கண்ட், மேற்கு வங்க நிலக்கரிப் பகுதிகளில் நிலத்தடி நீரில் இரும்பு அதிகமுள்ள இடங்கள் உண்டு. கரைந்திருக்கும் அந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகி அடியில் படியும். வேட்டியில் மஞ்சள் கறை குறையும், டீயும் அவ்வளவாகக் கறுக்காது.

சுரங்கத்திலிருந்து வரும் அமிலத் தண்ணீருக்கு இது சரிப்படாது. அமிலத்தில் இரும்பு சீக்கிரம் துருவாகாது, வேறு உலோகங்களும் இருக்கலாம். உப்பும் ஃபுளோரைடும் இப்படிப் போகாது. கிருமியும் சாகாது, குடிப்பதானால் அப்புறம் கொதிக்க வைத்தே ஆகவேண்டும்.